முகம் சொன்னது மாடியோடு

ஜனவரி 18, சனி

எலி மந்திரியின் மூக்கைத் தின்றுவிட்டது. மைதாப் பசையில் ஒட்டிய காகித முகமூடிகளைத் தரையில் காய வைக்காதே என்று தேசப்பன் சார் பொங்கலுக்கு முன்பே சொன்னார். நான் கேட்டேனா? யார் பேச்சையாவது கேட்டிருந்தால் என் பெயர் மேகலா இல்லை. மந்திரிக்கு மூக்கு போச்சு, கிழவிக்கு ஒரு காது போச்சு. மணிபாரதி மந்திரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எலிக்கே நம்ம நாடகம் புடிக்கலக்கா" என்றான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜெனிபா மட்டும் காதில்லாத கிழவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இத்த நான் வச்சிக்கிறேன்" என்றாள்.

இந்த நாட்குறிப்பும் சார் சொல்லித்தான். "பசங்களோட வேலை பாக்குறவங்க டெய்லி ரெண்டு வரியாவது எழுதணும்மா. இல்லன்னா எல்லாம் மண்டைக்குள்ளயே சுத்திக்கினு கிடக்கும்" என்றார். அவர் காசிமேட்டில் இந்த வேலையைத் தொடங்கும்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நான் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலைக்கடை மாடியில் சனி, ஞாயிறு காலையில் நாடக வகுப்பு. படிப்பை நிறுத்தியவர்கள், நிறுத்தப்போகிறவர்கள், வீட்டில் இருக்க முடியாததால் இங்கே வருகிறவர்கள். அவர்களில் ஒரு பிள்ளை இங்கே வேலை செய்யும் எங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு. பள்ளி, வீடு, உடம்பு, மனசு எல்லாவற்றுக்கும் கூட நிற்க வேண்டும். என் பொறுப்பு ஜெனிபா. பதினாறு வயது. பிப்ரவரி 23-ஆம் தேதி கலைவிழாவில் எங்கள் முகமூடி நாடகம்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று 'முகம் பேசும் நேரம்' தொடங்கினேன். வகுப்பு முடிய அரை மணி இருக்கும்போது யாருக்கு விருப்பமோ அவர் ஏதாவது ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு, கவிழ்த்த மீன் பெட்டி மேல் உட்கார்ந்து பேசலாம். பேசுவது முகமூடி. உள்ளே இருப்பது யாரென்று எங்களுக்குத் 'தெரியாது'. சட்டை, குரல், கால் கொலுசு எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். கேட்டதை யாரும் வெளியே பேசக்கூடாது. பிள்ளைகளில் ஒருத்தி ஷப்னம் அதற்கு ஒரு வாசகம் சொன்னாள், அதையே எழுதிச் சுவரில் ஒட்டினோம்: முகம் சொன்னது மாடியோடு.

முதலில் மந்திரி பேசினார். அவருக்கு எட்டாம் வாய்ப்பாடு இன்னும் தெரியாதாம். அடுத்து ஒரு சிப்பாய், ராத்திரியில் அப்பா வருகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவதாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எட்டு மாதமாக நான் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்க முடியாததை ஒரு பழைய பேப்பர் முகம் வாங்கிக் கொடுத்துவிட்டது!

சாரிடம் போனில் சொன்னேன். "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றவர், "ஆனா ஒன்னு சேத்துக்கோ. யாருக்காவது அடிபடும்னு தெரிஞ்சா மட்டும் நாம வெளிய சொல்லுவோம்னு மொதல்லயே பசங்ககிட்ட சொல்லிடு" என்றார்.

சரி சார் என்றேன். அடுத்த வாரம் சொல்லலாம். இப்போதே சொன்னால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஜனவரி 22, புதன்

வீட்டுக்காரர் மோட்டார் போடவில்லை. பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் குளியல். அம்மா திருச்சியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். பெங்களூர்க்காரர்களும் கூப்பிட்டார்கள், இரண்டாவது நேர்காணலுக்கு. சும்மா போட்டுப் பார்த்த விண்ணப்பம். கம்பெனி ஆட்களுக்கு நாடகம் வழியாகப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஏசி அறை, எலி கிடையாது. பேசினால் என்ன குறைந்துவிடும் என்று பேசினேன்.

ஜனவரி 25, சனி

வகுப்பு முடிந்து ஜெனிபாவோடு நடந்தேன். அவள் பத்தாவதோடு நின்றவள். விடியற்காலையில் சித்தியோடு இறால் உரிக்கப் போகிறாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். ஜூன் மாதம் அவளைப் பதினொன்றாவதில் சேர்ப்பது என் திட்டம். அவளிடம் சொன்னேன்.

"ஜூன்ல நீ இருப்பியாக்கா?" என்றாள்.

"இருக்காம எங்க போவேன்?"

அம்மாவிடமிருந்து போன் வந்ததா என்று கேட்டேன். அவள் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. முதலில் வாராவாரம் பேசினார்களாம். பிறகு மாதம் ஒரு முறை. போன மழைக்காலத்திலிருந்து ஒன்றுமே இல்லை. "நம்பர் உபயோகத்துல இல்லன்னு ஒரு பொம்பள சொல்றா. அவளுக்கே தினம் போன் பண்றேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

நாடகத்துக்கு ஒரு நல்ல யோசனையும் அவளுடையதுதான். ஊரில் இனி யாரும் அழக்கூடாது என்று ராஜா உத்தரவு போடுகிறார். கிழவிக்குக் காது இல்லை, உத்தரவு கேட்கவில்லை. அதனால் அவள் ஒருத்தி மட்டும் அழுகிறாள். எலிக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

சார் சொன்ன அந்த விதிவிலக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஜனவரி 29, புதன்

பெங்களூரில் எடுத்துக்கொண்டார்கள். மார்ச் 3-ஆம் தேதி சேர வேண்டும். சரி என்று பதில் போட்டுவிட்டேன். போட்டதும் பல்வலி நின்றது. அரை மணி நேரம்தான்.

கலைவிழா முடியட்டும். அதற்கு முன் பிள்ளைகளிடம் சொன்னால் நாடகம் கெட்டுப்போகும். அவர்கள் நல்லதுக்குத்தான்.

பிப்ரவரி 1, சனி

எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இன்று காதில்லாத கிழவி பேசினாள். இறால் மணக்கும் பச்சைத் தாவணி, ஊறி வெளுத்த விரல்கள். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

"வர வெள்ளிக்கெழம நான் ஊர விட்டுப் போறேன்" என்றாள் கிழவி. "ராணியம்மான்னு ஒருத்தங்க இட்டுனு போறாங்க. வேற ஸ்டேட்ல எறா கம்பெனி. அங்கயே ரூம், அங்கயே சோறு. வயசு பதினெட்டுன்னு சொல்லச் சொல்லிக்கிறாங்க. ரெண்டு வருசம் ஒழுங்கா இருந்தா அவங்களே குவைத்துக்கு அனுப்புவாங்களாம். அங்க போய்த் தேடுனா கெடச்சிடுவாங்க."

யார் கிடைப்பார்கள் என்று கிழவி சொல்லவில்லை. ஷப்னம் மட்டும் மெதுவாக, "பாட்டி, உன்ன யாராச்சும் தொரத்துறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. நானா போறேன். சித்தி மொதல்ல வேணான்னுச்சு, அப்பறம் ஒத்துக்கிச்சு." முகமூடியைக் கழற்றி ஜெனிபா ஆகி, எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ராணியம்மாக்கள் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளைப் பற்றி சார் எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் திரும்பினார்கள். எப்படித் திரும்பினார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மற்றவர்களைப் பற்றி அவருக்கே தெரியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெனிபாவுக்கே முக்கியப் பாகம் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தேன். நீ இல்லாமல் நாடகமே இல்லை என்றேன். கைதட்ட வைத்தேன். அவளும் தட்டினாள். ஒத்திகையில் எல்லாருடைய வசனத்தையும் ஷப்னத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள், தன்னுடையதையும் சேர்த்து.

பிப்ரவரி 3, திங்கள்

சாரிடம் சொல்லப் போனேன். அவர் யாரோ ஒரு பையனின் ஆதார் விஷயமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பல் டாக்டரிடமும் போகவில்லை. பிடுங்கியே ஆக வேண்டும் என்று சொல்வார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை, உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். சொன்னால் ஜெனிபா என்னை மன்னிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். ஆழம் தெரியாமல் காலை விட்டேன், இப்போது தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கே அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் கிழவி பேசியே இருக்க மாட்டாள், ஜெனிபா சத்தமில்லாமல் போயிருப்பாள் என்று ஒரு மனசு சொல்கிறது. அது வக்கீல் மனசு. நம்பக்கூடாது.

பிப்ரவரி 5, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் உடனே போனை எடுத்தார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பேசினார், இன்னும் யார் யாருக்கோ பேசினார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். "சனிக்கெழம தெரிஞ்சது இன்னிக்கா சொல்ற?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெளிய சொல்லுவோம்ங்கிறத பசங்ககிட்ட சொல்லிட்டதான?"

இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி. மொதல்ல பொண்ணு நிக்கட்டும். அதுக்கப்பறம் உன் கதையப் பாப்போம்" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி, இன்னொருவர், சாதாரணப் புடவையில் ஒரு பெண் காவலர், சார், நான். சந்துக்குள் நுழையும்போதே அத்தனை வீட்டு வாசலிலும் தலைகள். ராணியம்மா அதற்குள் காற்றில் கரைந்துவிட்டாள், போனும் அணைந்திருந்தது. சித்தி அழுதுகொண்டே, "நான் இன்னா மேடம் பண்றது? அம்மாகிட்ட போறேன் அம்மாகிட்ட போறேன்னு ஒரே புடியா நின்னுச்சு. நல்ல எடம்னு சொன்னாங்க" என்றாள். பொய் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அதிகாரி பொறுமையானவர். ஜெனிபாவைத் தனியாக உட்கார வைத்து, குவைத்துக்கு அப்படியெல்லாம் அனுப்ப முடியாது, அது பொய் என்று விளக்கினார்.

ஜெனிபா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் அவளுடைய பை, ஜிப் மூட முடியாத அளவுக்கு நிரம்பி இருந்தது. மேலே புதுச் செருப்பு.

பிப்ரவரி 7, வெள்ளி

பஸ் போயிருக்கும். ஜெனிபா போகவில்லை. சித்தி போனில் உறுதியாகச் சொன்னாள்.

பிப்ரவரி 8, சனி

யாருமே வரவில்லை. முகமூடிகளைத் துடைத்து வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மணிபாரதி படியேறி வந்து, வாசலிலேயே நின்று, "என் தண்ணி பாட்டில உட்டுட்டேன்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா என்று கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்

தாங்க முடியாமல் இறால் கொட்டகைக்கே போனேன். ஐஸ் தண்ணீர் வழியும் தரை, வரிசையாகப் பெண்கள். ஜெனிபா என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"ஜெனி, ஒரு நிமிஷம் பேசலாமா?"

"வேல இருக்குது."

"நீ அங்க போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"தெரியும். அந்த மேடம் சொன்னாங்க." இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "போகக் கூடாதுன்னா நேரா எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? நாலு நாள் இருந்துச்சு. அன்னிக்கி என்ன ஹீரோயினி ஆக்கிட்டு கைதட்டுற. அப்பறம் போலீச இட்டுனு வர."

"சொல்லியே ஆகணும்மா. என் கடமை."

"அத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் யோசிச்சிப் பேசியிருப்பேன். ஷப்னம் சொல்லல. மணி சொல்லல. அத்தன பேர்ல ஒருத்தர் கூட வாயத் தொறக்கல. நீ ஒருத்திதான் தொறந்த." பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "போக்கா. தரையெல்லாம் வழுக்கும்."

வழுக்கத்தான் செய்தது. வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் நின்று அழுதேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி.

பிப்ரவரி 14, வெள்ளி

சாரும் நானும் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நானே போய் மன்னிப்புக் கேட்டு, நாளை ஒரே ஒரு நாள் வரும்படி கூப்பிட வேண்டும் என்றார். போனேன். கால் வலி. ஷப்னத்தின் அம்மா சேமியா பாயசம் கொடுத்தார். மணிபாரதி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "யோசிச்சி சொல்றேன்" என்றான், பெரிய மனுஷன்.

ஜெனிபா வீட்டு வாசலில் சித்தியிடம் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே டிவியின் சத்தம் ஏறியது.

பிப்ரவரி 15, சனி

வந்தார்கள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் மட்டும் மீன் பெட்டி மேல், முகமூடி இல்லாமல். நடந்ததைச் சொன்னேன். விதிவிலக்கு ஒன்று இருந்தது, அதை உங்களிடம் சொல்லாமல் விட்டேன், சொன்னால் நீங்கள் பேச மாட்டீர்கள் என்று பயந்தேன் என்றேன். ஜெனிபாவைத் தடுத்ததற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களை ஏமாற்றியதற்குக் கேட்கிறேன் என்றேன்.

பிறகு ஷப்னம் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த வாசகத்துக்குக் கீழே தன் மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதினாள்:

யாராவது அடிபடுவாங்கன்னா மட்டும் கீழ சொல்லணும்.

"யார் வேணா சொல்லலாமா? இல்ல நீ மட்டுமா?" என்று மணிபாரதி குறுக்கு விசாரணை செய்தான்.

"யார் வேணாலும். அடிபடும்னு தெரிஞ்சா சொல்லித்தான் ஆகணும்."

அப்போதுதான் கவனித்தேன். ஜெனிபா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வராமல். எவ்வளவு நேரமாக இருந்தாளோ. வகுப்பு முடிவதற்குள் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒத்திகையில் ஷப்னம் கிழவி வசனத்தைத் தப்பாகச் சொன்னதும் பொறுக்கவில்லை, முகமூடியைப் பிடுங்கித் தானே செய்தாள். என்னிடம் பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கீழே வலைக்கடை அண்ணனிடம் காலி அட்டைப்பெட்டி கேட்டிருந்தேன். இன்று பார்த்து மாடிக்கே கொண்டு வந்து அடுக்கிவிட்டார். "வூட்டுச் சாமான் வைக்க இன்னும் பெரிசா வேணுமா மேடம்?" என்று உரக்கக் கேட்கிறார். புத்தகம் வைக்கத்தான் அண்ணே என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

சார் தனக்குத் தெரிந்த வக்கீல் அம்மா மூலம் ஜெனிபாவின் அம்மாவைத் தேட மனு அனுப்பப் போகிறார். தூதரகம் வரை போகுமாம். அம்மாவின் கடைசிச் செய்தி ஏதாவது இருந்தால் வேண்டும் என்று கேட்டார். கேட்கவே எனக்குத் தயக்கம். ஜெனிபா தானாகவே சாரின் அலுவலகத்துக்கு வந்து போனை என் கையில் கொடுத்தாள். விரிசல் விழுந்த திரை. ஒரு குரல் பதிவு.

"ஜெனி, சாப்ட்டியா? தலைக்கு எண்ண வச்சிக்கோ. இந்தப் பண்டிகைக்கு லீவு குடுக்கல, அடுத்த பண்டிகைக்கு வந்துடுவேன். வந்துடுவேன்டா தங்கம்."

அவ்வளவுதான். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"எப்பவும் வந்துடுவேன்னே சொல்லும்" என்றாள் ஜெனிபா. "வர முடியாதுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். வரும் வரும்னு பாத்துக்கினே இருக்கறதுதான் ஒரு மாரி ஆவுது." போனை வாங்கித் தாவணி முனையால் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு ஏதோ கேட்கிற மாதிரி, "அந்த அட்டப்பெட்டியெல்லாம் எதுக்குக்கா?"

"புக் வைக்க."

"ஓ" என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டுக்காரர் வந்து, மாதக் கடைசியில் காலி செய்வது உறுதிதானே, வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டார். பாருங்கள் என்றேன். ரோஜாத் தொட்டியை எதிர்வீட்டு மாமிக்குக் கொடுத்தேன். பல் தாடையோடு சேர்ந்து தெறிக்கிறது. ஞாயிறு முடியட்டும். கலைவிழா முடிந்த கையோடு பிள்ளைகளுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது மெதுவாக... அல்லது ஊருக்குப் போய்ச் சேர்ந்து போனில் சொல்லலாம். போனில் நிதானமாக விளக்கலாம்.

பிப்ரவரி 22, சனி

கடைசி ஒத்திகை. பத்தரை மணிக்கு மற்ற பிள்ளைகள் கீழே டீயும் மசால் வடையும் சாப்பிடப் போனார்கள். நான் கயிற்றில் திரைச்சீலை கோத்துக்கொண்டிருந்தேன். ஜெனிபா போகவில்லை. மீன் பெட்டியைக் கவிழ்த்து நடுவில் போட்டாள்.

"உக்காருக்கா."

"எதுக்கு?"

"எல்லாரும் ஒரு வாட்டியாச்சும் பேசிட்டாங்க. நீதான் பேசவே இல்ல." காதில்லாத கிழவியை நீட்டினாள். "மாட்டிக்கோ. உள்ள யாருன்னு எனக்குத் தெரியாது."

விளையாட்டுக்குத்தான் மாட்டிக்கொண்டேன். உள்ளே பசை வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும். கண் ஓட்டை வழியாக அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது தெரிந்தது.

"எனக்குப் பல்வலி" என்றேன்.

"அது ஊருக்கே தெரியும். வேற சொல்லு பாட்டி."

வேறு என்ன சொல்வது? முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக அடித்தது. எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. மார்ச் மூணாம் தேதி சேரணும். போன மாசமே சரின்னு சொல்லிட்டேன். நாடகம் முடிஞ்சதும் யார்கிட்டயும் சொல்லாம கெளம்பிடலாம்னு இருந்தேன். மூஞ்சியப் பாத்து சொல்ல எனக்கு தைரியம் இல்ல."

ஜெனிபா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, படியை நோக்கி நடந்தாள்.

"ஜெனி, எங்க போற?"

"கீழ சொல்றதுக்கு."

"முகம் சொன்னது மாடியோடு!" என்று கத்தினேன், முகமூடியைக் கூடக் கழற்றாமல்.

அவள் திரும்பிச் சுவரைக் காட்டினாள். "யாராச்சும் அடிபடுவாங்கன்னா கீழ சொல்லணும். நீதான சொன்ன?"

"இதுல யார் அடிபடறா?"

"நான்தான்" என்றாள்.

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே வடை சாப்பிடும் சத்தம் நின்றது. பிறகு மொத்தப் பேரும் ஏறி வரும் சத்தம். நான் அதே பெட்டி மேல், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த அக்கா, ஒரு காது இல்லாத கிழவியாக உட்கார்ந்திருந்தேன். மணிபாரதிதான் முதலில் பேசினான். "சொல்லாமயேவாக்கா போயிருப்ப?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முகமூடியும் ஆடியது.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாடகம் நன்றாகவே நடந்தது. மந்திரியின் மூக்கில்லாத முகத்துக்கே முதல் கைதட்டல். யாரும் அழக்கூடாது என்று ராஜா உத்தரவிட்டபோது, கிழவி "இன்னா சொன்ன? கேக்கல" என்று காதில்லாத பக்கத்தைக் காட்டினாளே, மைதானமே சிரித்தது. பிறகு அவள் அழுத இடத்தில் முன்வரிசையில் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரைக்குப் பின்னால் நானும் அழுதேன், விசும்பி விசும்பி. ஷப்னம் ஒரு துண்டை எடுத்து என் கையில் திணித்துவிட்டுத் தன் வசனத்துக்கு ஓடினாள்.

பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் பல்லைப் பிடுங்கிவிட்டேன். வாயில் பஞ்சோடு பெங்களூருக்கு எழுதினேன். மன்னிக்கவும், வர இயலாது. எங்கேயும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை நான். நாடகக் குழு, பள்ளிக்கூட வேலை, என் கல்யாணம் எல்லாமே அப்படித்தான். அம்மாவிடம் சொன்னதும், "உனக்கென்ன பைத்தியமா?" என்று போனை வைத்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு ஆள் கிடைத்துவிட்டதாம், வேறு வீடு பார்க்க வேண்டும். எதிர்வீட்டு மாமி ரோஜாத் தொட்டியைத் திருப்பித் தர மாட்டார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஜெனிபா தனியாக முகமூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேராகவே சொன்னேன். "நான் போகல."

"எனக்கோசரமா?" குரலில் சந்தேகம்தான் இருந்தது, சந்தோஷம் இல்லை.

"கொஞ்சம் உனக்காக. கொஞ்சம் எனக்காகவும்."

"எது வரிக்கும்?"

எப்போதும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசி வரைக்கும். நீ ப்ளஸ் ஒன் முடிக்கிற வரைக்கும்."

"நான் எப்ப சேர்றேன்னு சொன்னேன்?"

"சேர மாட்டியா?"

"ஏப்ரலுக்கு அப்பறம்?"

"தெரியாது ஜெனி. இருந்தாலும் இருப்பேன், போனாலும் போவேன். போறதா இருந்தா முன்னாடியே உங்கிட்ட சொல்லுவேன்."

"முகமூடி போட்டுக்கினா?"

"போடாம."

அவள் என் முகத்தையே பார்த்தாள், வீங்கின தாடையை, பஞ்சை, எல்லாவற்றையும். பிறகு காதில்லாத கிழவியை எடுத்து உட்புறமாகத் திருப்பிப் பிடித்து, ஷப்னத்தின் மார்க்கரை என்னிடம் நீட்டினாள்.

"தேதி போடு."

போட்டேன். அந்த ஏப்ரல் கடைசி நாள், வருடத்தோடு. கையெழுத்தும் போடச் சொன்னாள், அதையும் போட்டேன். மை காய ஊதிவிட்டு, ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிறகு மீன் பெட்டி மேல் ஏறி நின்று, எலிக்கு எட்டாத ஆணியில் அதை மாட்டினாள்.